ஒரே கட்சி, இரண்டு பிளவுகள்: 2008, 2016

அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதில் 2008இல் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதினார்கள், 2016இல் ஹிலாரியும் பெர்னி சாண்டர்ஸும். ஒபாமா–ஹிலாரி சண்டைதான் கடுமையானது. ஆனால் ஹிலாரி–சாண்டர்ஸ் சண்டையின் புண்தான் ஆறவில்லை.

2008இல் தகராறு விதியைப் பற்றியது. மிச்சிகனும் ஃபுளோரிடாவும் கட்சி குறித்த நாளுக்கு முன்பே வாக்கெடுப்பு நடத்தின. மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமா பெயரே இல்லை. மே 31 அன்று கட்சியின் விதிக்குழு, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநாட்டில் வாக்களிக்கும் அந்த இரு மாநிலப் பேராளர்களுக்குத் தலா அரை வாக்கு கொடுத்தது. ஹிலாரி ஆதரவாளர்கள் கொதித்தார்கள். ஆனாலும் ஜூன் 7இல் அவர் ஒதுங்கிக்கொண்டார். ஆகஸ்ட் 25இல் மாநாடு தொடங்குமுன் சமாதானத்துக்குப் பதினோரு வாரம் கிடைத்தது. இருவரும் சேர்ந்து மேடையேறிய ஊரின் பெயர் யூனிட்டி, அதாவது ஒற்றுமை! வேட்பாளர் தேர்வுக்கான வாக்கெடுப்பில் அங்கே இருவருக்கும் தலா 107 வாக்கு.

2016இல் சந்தேகம் நடுவர் மீதே, அதாவது கட்சித் தலைமையகத்தின் மீதே. சாண்டர்ஸ் ஜூலை 12இல்தான் ஹிலாரிக்கு ஆதரவு அறிவித்தார். மாநாட்டுக்கு மீதி 13 நாள். அதற்குள், ஜூலை 22இல், ரகசிய ஆவணங்களை அம்பலப்படுத்தும் விக்கிலீக்ஸ் தளம் கட்சித் தலைமையகத்தின் மின்னஞ்சல்களை வெளியிட்டது. ஊழியர்கள் சாண்டர்ஸை இளக்காரமாகப் பேசியது அம்பலமானது. கட்சித் தலைமையகத்தின் தலைவர் டெபி வாசர்மேன் ஷுல்ட்ஸ் பதவி விலகினார். ஹிலாரிக்கு வாக்களியுங்கள் என்ற சாண்டர்ஸையே அவர் ஆட்கள் கூச்சலிட்டு மறித்தார்கள்.

தோற்றவர் சொல் இரண்டு முறையும் ஒன்றுதான்: வென்றவரை ஆதரியுங்கள். 2008இல் ஆதரவாளர்கள் ஹிலாரிக்காகவே வந்தவர்கள், அவர் சொன்னதும் பெரும்பாலோர் அடங்கினார்கள். சாண்டர்ஸ் பக்கம் பலருக்குக் கட்சியே அந்நியம். 2018இல் சூப்பர் பேராளர்களின், அதாவது வாக்கெடுப்பு முடிவுக்குக் கட்டுப்படாமல் வாக்களிக்கும் கட்சிப் பிரமுகர்களின், மாநாட்டு முதல் சுற்று வாக்கைக் கட்சி பறித்தது இந்தக் கசப்பால்தான்.