கறிவேப்பிலையின் பெயர் மாறாத இடம்: போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தை

மொரீசியசில் வேலை கிடைத்து ஊரிலிருந்து வரும் தம்பதியர் எங்களிடம் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையை. அதற்கு அடுத்தபடியாக விசாரிப்பது, நம் ஊர்க் காய்கறி எங்கே கிடைக்கும் என்பதை. இரண்டாவது கேள்விக்கு நான் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: தலைநகர் போர்ட் லூயிசில் உள்ள மத்தியச் சந்தைக்குப் போங்கள், முடிந்தால் இருவரும் சேர்ந்தே போங்கள். பதினெட்டு மாதங்களாக ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமைகளிலும் அங்கே போய்வந்த பழக்கத்தில், அந்தச் சந்தையில் எது நன்று, எது நமக்குப் பயன்படாது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் மனைவிக்கு எபேன் சைபர்சிட்டியில் வேலை கிடைத்ததால் நாங்கள் தென்காசியிலிருந்து வந்து ரோஸ் ஹில்லில் வீடு எடுத்தோம். அவள் காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள்; எனக்கு அனுமதிப் பத்திரங்கள் வந்துசேரச் சில மாதங்கள் ஆனதால், கடைக்குப் போவதும் சமைப்பதும் என் பொறுப்பாயின. முதல் மாதம் முழுவதும் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு பெரிய பல்பொருள் அங்காடியையே நம்பியிருந்தேன். ஒரு நாள் அங்கே நெகிழித் தாளில் சுற்றிய முருங்கைக்கீரையைப் பார்த்து மகிழ்ந்து வாங்கிவந்து பிரித்தால், மேலே இருந்த இரண்டு இணுக்குகளைத் தவிர உள்ளே எல்லாம் மஞ்சள் பூத்துக் கசகசவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. உடனே திருப்பிக் கொண்டுபோனேன். கீரை வகைகளைத் திரும்ப எடுப்பதில்லை என்று அங்கிருந்தவர் பிரெஞ்சில் சொன்னார். பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அன்று இரவு அதைக் கேட்ட என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அரிசியைக் களைந்து உலை வைத்தாள். ஊரை விட்டு வந்தது சரிதானா என்ற எண்ணம் இருவருக்குமே வந்த நாள் அது. மறுநாள் கீழ்வீட்டு அம்மாள்தான் எங்களைச் சந்தைக்குப் போகச் சொன்னார். தெருவில் எல்லாரும் அவரைத் ‘தாந்தின்’ என்றே அழைப்பார்கள். நம் ஊரில் அத்தை, சித்தி என்பது போல.

ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறினால் வழியில் கோரோமாண்டல் என்று ஒரு நிறுத்தம் வரும். சோழமண்டலம் என்ற நம் கடற்கரையின் பெயர் ஐரோப்பியர் வாயில் அப்படித் திரிந்து, கடல் கடந்து வந்து இங்கே ஓர் ஊருக்கும் பெயராகியிருக்கிறது. போர்ட் லூயிஸ் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே ஆப்பிரவாசி காட் இருக்கிறது. 1834 முதல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒப்பந்தக் கூலிகளைப் பதிவுசெய்து தங்கவைத்த முகாம் அது. 2006-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. அங்கிருந்து சந்தைக்குச் சில நிமிட நடைதான். விக்டோரியா அரசியின் முதலெழுத்துகளைத் தாங்கிய பழைய இரும்பு வாயிலைக் கடந்தால் காய்கறிக் கூடம்.

கூரை உயர்ந்த அந்தக் கூடத்தில் காய்களை மேடையில் கோபுரமாக அடுக்கி, கீரைக் கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்தபடி இருப்பார்கள். கத்திரி, வெண்டை, பாகல், புடல், சுரை, பரங்கி, பச்சை வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பலாக்காய் என நாம் தேடும் காய்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில், அன்று பறித்த பசுமையோடு கிடைக்கும். ஆனால் இந்தச் சந்தையை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பதற்குக் காரணம் காய்கள் மட்டுமல்ல, அவற்றின் பெயர்கள். இங்குள்ளோர் பேசும் கிரியோல் மொழியில் பீர்க்கங்காய் ‘பிப்பெங்காய்’. கறிவேப்பிலை ‘கரிபுலே’. கொத்தமல்லி ‘கொத்தோமிலி’. கீரைக்குப் பொதுப்பெயர் ‘ப்ரெத்’. அதனால் முருங்கைக்கீரை ‘ப்ரெத் முரும்’. முதல் சனிக்கிழமை, ஒரு கடைக்கார அம்மாள் ‘முரும், முரும்’ என்று கூவியதைக் கேட்டு என் மனைவி சட்டென்று நின்று என் கையைப் பிடித்தாள். அதற்கு முந்தைய நான்கு வாரங்களில் இந்த நாட்டில் நாங்கள் யாரிடமும் விளக்கம் கேட்காமல் புரிந்துகொண்ட முதல் சொல் அதுதான்.

எல்லாப் பெயர்களும் இப்படி எளிதாக வசப்படா. வெண்டைக்காய் ‘லாலோ’, பாகற்காய் ‘மார்கோஸ்’, புடலங்காய் ‘பட்டோல்’ என்பவற்றைத் தனியாகத்தான் கற்க வேண்டும். புதிதாக வருவோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ‘சாஃப்ரான்’. ஊரில் அந்தச் சொல் குங்குமப்பூவைக் குறிக்கும். இங்கே அது மஞ்சள். பால் பாயசத்துக்குப் போட நான் அதைக் கேட்டபோது, கடைக்காரர் பெரிய அகப்பையால் மஞ்சள்தூளை அள்ளிக் காகிதத்தில் கொட்டத் தொடங்கினார். பாயசம் என்று நான் சொன்னதும் கையை நிறுத்திவிட்டு, அது வேறு பொருள் என்று பொறுமையாக விளக்கி, ஏலக்காயை எடுத்துக் கொடுத்தார். விற்றுவிட்டு அனுப்பியிருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை.

நம் ஊரில் உண்ணாத சிலவற்றையும் இந்தச் சந்தை எங்களுக்குப் பழக்கியது. சௌசௌவின் காயைத்தான் நாம் கூட்டு வைப்போம். இங்கே அந்தக் கொடியின் தளிரையும் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் பசலையை விட மென்மையாக இருக்கிறது. அதையே நீர்க்கக் கொதிக்கவைத்து, சோற்றோடு ரசம்போல ஊற்றிச் சாப்பிடுவது இங்குள்ளோர் வழக்கம். வாரத்தில் இரண்டு நாள் இப்போது எங்கள் வீட்டிலும் அதுதான்.

பணம் கொடுக்கும்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மொரீசியஸ் ரூபாய்த் தாளில் மதிப்பு ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் எழுதப்பட்டிருக்கும். 1998-ல் வந்த தாள்களில் தமிழ் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டபோது இங்குள்ள தமிழர்கள் எதிர்த்ததால், அவை திரும்பப் பெறப்பட்டு மீண்டும் பழைய வரிசையிலேயே அச்சாயின. நூறு ரூபாய்த் தாளில் இருக்கும் முகமும் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசனுடையது. கீரை விற்கும் அந்த அம்மாளிடம் நான் நூறு ரூபாயை நீட்டியபோது, நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னதும், ‘மோ தாமூல்’ என்றார். தானும் தமிழ் என்று பொருள். தமிழ் பேச அவருக்கு வராது. தாளின் நடுவரியில் விரலை வைத்து, இதைப் படித்துக் காட்டு என்பது போல என்னைப் பார்த்தார். ‘நூறு’ என்று படித்தேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, தாளை மடிக்காமல் பெட்டியில் வைத்தார். அந்த வாரம் முதல் எங்கள் பையில் ஒரு கொத்துக் கரிபுலே கொசுறாக விழுகிறது; காசு கொடுத்தால் வாங்க மறுக்கிறார்.

விலையைப் பொறுத்தவரை, காய்களுக்கு இங்கே ‘லிவ்’ கணக்கில்தான் சொல்வார்கள். அது அரைக் கிலோ. கிலோ விலை என்று நினைத்துக்கொண்டு மலிவு என்று அள்ளிவிடக் கூடாது. கீரை கட்டுக் கணக்கு. காய்கறிக் கூடத்தில் பேரம் பேசுவதில் பயனில்லை. பேசவும் தேவையில்லை, ஏனெனில் அடுத்தடுத்த கடைகளில் விலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரையுள்ள குளிர் மாதங்களில் வரத்து நன்றாக இருக்கும். நவம்பரில் தொடங்கும் புயல் காலத்தில் நிலைமை மாறும். 2024 சனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிசில் வெள்ளம் புகுந்ததை இங்குள்ளோர் இன்னும் சொல்லி வருந்துகிறார்கள். பெருமழை பெய்துவிட்டால் முதலில் மறைவது கீரையும் தக்காளியுமே. ஆகவே அந்த மாதங்களில் வீட்டில் பருப்பும் கிழங்கும் இருப்பு வைத்துக்கொள்வது நல்லது. தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. அதற்கு முன்னே பத்து நாள் பலரும் சைவ விரதம் இருப்பதால், பூசணியும் வாழைக்காயும் பலாக்காயும் காலையிலேயே தீர்ந்துபோகும்.

கடை கடையாக நடந்து களைத்தபின் ‘அலூதா பிள்ளை’ கடையில் நின்று ஒரு குவளை குடிப்பது எங்கள் வழக்கம். குளிர்ந்த பாலில் சப்ஜா விதையும் கடற்பாசித் துருவலும் மிதக்கும் பானம் அது. ஜிகர்தண்டா குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. மிளகாய் வடை போன்ற ‘காத்தோ பிமா’வைச் சூடாக வாங்கி ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். நம் மசால் வடையை எதிர்பார்த்துக் கடித்தால் சுவை வேறாக இருக்கும். இங்கே அரைப்பது கடலைப்பருப்பை அல்ல, பட்டாணிப் பருப்பை. எனக்குப் பிடித்துவிட்டது, என் மனைவிக்கு இன்னும் பிடிபடவில்லை.

குறைகளும் உண்டு. இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய் போன்றவற்றுக்கு இந்தச் சந்தையை நம்பிப் பயனில்லை. இந்திய மளிகை வைத்திருக்கும் கடைகளைத்தான் நாட வேண்டும். மாடியில் இருக்கும் கைவினைப் பொருள் கடைகள் சுற்றுலா வருவோருக்கானவை. இங்கே குடியிருப்போருக்கு அங்கே வேலையில்லை. ஊருக்கு எடுத்துச் செல்லப் பரிசு வாங்குவதானால் அங்கே பேரம் பேசியே தீர வேண்டும். வாகனத்தில் போனால் நிறுத்த இடம் தேடியே காலைப்பொழுது கழியும். ஞாயிற்றுக்கிழமை முற்பகலோடு கடைகளை அடைத்துவிடுவார்கள் என்பதால், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் போவதே உத்தமம். 2016 முதல் பிளாஸ்டிக் பைகளுக்கு இந்நாட்டில் தடை இருப்பதால் குறைந்தது இரண்டு கனமான துணிப்பைகள் கையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து கட்டைப்பை கொண்டுவந்தவர்கள் அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

சந்தையில் வாங்கிய கொத்தமல்லியையும் பச்சை மிளகாயையும் ‘சத்தினி’, அதாவது சட்னி, அரைக்கச் சென்ற மாதம் கீழ்வீட்டுத் தாந்தினிடம் கொண்டுபோனோம். அவர் வீட்டுக் கொல்லையில் கருங்கல் அம்மி ஒன்று இருக்கிறது. ‘ரோஸ் கரி’ என்பார்கள், கறிக்கல் என்று பொருள். மேலே உருட்டும் கல்லின் பெயரைக் கேட்டேன். ‘பாபா’ என்றார். கிரியோலில் அது கைக்குழந்தை. நம் மொழியிலும் அம்மிக்கு மேலே இருப்பது குழவி, குழவி என்றாலும் குழந்தைதான் என்று நான் சொன்னதும், அவரும் என் மனைவியும் ஒரே நேரத்தில் அந்தக் கல்லைக் குனிந்து பார்த்தார்கள். எங்கள் மிக்சியின் உருண்டைக் கால் பிளக் இங்குள்ள சதுரத் துளைகளில் பொருந்தாமல் இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. எங்களுக்கும் ஒரு ரோஸ் கரி வேண்டும் என்று அன்றே தீர்மானித்துவிட்டோம். எங்கே நல்ல கல் கிடைக்கும் என்று வருகிற சனிக்கிழமை கீரைக்கார அம்மாளிடம் கேட்கப் போகிறோம்.