செக்கித் தட்டு: மூன்று மாதப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

கடலுக்குள் வெயில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை அளக்க இலத்திரனியல் உணரிகள் உண்டு. அவற்றின் விலையைக் கேட்டால் முல்லைத்தீவுக் கரையோரத்துப் பாடசாலையொன்றின் அதிபர் கதிரையை விட்டு எழுந்துவிடுவார். உயர்தர உயிரியல் மாணவர்களுக்குக் கடலின் ஒளி வலயங்களைப் படிப்பித்துவரும் நான், படம் வரைந்து காட்டிச் சலித்துப்போய், சென்ற மாசி மாதம் இணையக் கடையொன்றில், நீரின் தெளிவை அளக்க உதவும் செக்கித் தட்டு ஒன்றை என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். தட்டு, அதன் நடுவில் ஒரு கொளுவி, அடியில் ஒரு பாரம், அளவு குறித்த இருபது மீற்றர் கயிறு ஆகியவையே பொதியில் இருந்தவை.

முதற் குறையைப் பொதி பிரித்த அன்றே கண்டேன். கடையின் பக்கத்தில் இருந்த படத்தில் முப்பது சென்ரிமீற்றர் விட்டமுள்ள முழு வெள்ளைத் தட்டு இருந்தது. வந்து சேர்ந்ததோ இருபது சென்ரிமீற்றர் தட்டு, அதுவும் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கூறாகப் பூச்சடிக்கப்பட்டது. இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. கறுப்பு வெள்ளைத் தட்டு 1899 இல் ஜோர்ஜ் விப்பிள் என்பவர் குளங்களுக்கும் நீர்த்தேக்கங்களுக்குமாக மாற்றியமைத்தது. கடலுக்குரியது பெரிய வெள்ளைத் தட்டு. வத்தாப்பளைப் பக்கம் நந்திக்கடல் களப்பில் இறக்க இது போதும், ஆழ்கடலுக்குக் கொண்டுபோனால் அளவு சற்றுக் குறைத்தே காட்டும்.

கருவியின் தத்துவம் மிக எளியது. 1865 இல் பாப்பரசரின் கடற்படைக் கப்பலொன்றில் நின்று பியெத்ரோ ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியக் குருவானவர், அவர் ஒரு வானியலாளரும்கூட, வெள்ளைத் தட்டுகளைக் கடலுக்குள் இறக்கி அவை கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். இன்றும் முறை அதுதான்: வெயில் உச்சியை அண்டியிருக்கும் நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்கி, தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது அது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். உச்சி வெயில் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது அமைதியான நீர்ப்பரப்பு ஏறத்தாழ 2 வீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. சூரியன் அடிவானத்தை நெருங்க நெருங்கப் பெரும்பகுதி தெறித்துப் போய்விடுகிறது. கரையில் இருப்பவர்களுக்கு மாலை ஐந்தரை மணிக்கும் நல்ல வெளிச்சம்தான். ஆனால் நீருக்குள் வாழும் மீனுக்கு அதற்கு முன்பே பொழுது சாயத் தொடங்கிவிடும்.

பங்குனியிலும் சித்திரையிலும், வாடை ஓய்ந்து சோளகம் எழும்பாத அமைதியான நாட்களாகப் பார்த்து, மூன்று இடங்களில் இறக்கினோம். நந்திக்கடலில் தட்டு அறுபது சென்ரிமீற்றரில் காணாமற் போனது. மேற்குக் கரையில் விடத்தல்தீவுக்கு வெளியே மூன்று மீற்றர். முல்லைத்தீவிலிருந்து நீரின் நிறம் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும் தூரம் வரை ஓடிப்போய் இறக்கியபோது ஒன்பது மீற்றர் வரை தெரிந்தது. பூல், அற்கின்ஸ் ஆகிய இருவரும் 1929 இல் தந்த எளிய வாய்ப்பாட்டின்படி, தட்டு மறையும் ஆழத்தில் மேற்பரப்பு ஒளியின் 18 வீதமளவு மிஞ்சியிருக்கும். அந்த ஆழத்தைப் போல 2.7 மடங்கு கீழே போனால் 1 வீதம்தான் எஞ்சும். மிதக்கும் நுண்தாவரங்கள் ஒளித்தொகுப்புச் செய்து பிழைக்கக்கூடிய எல்லையாக அந்த 1 வீதத்தையே பொதுவாகக் கொள்வர். அப்படியானால் நந்திக்கடலில் உயிரூட்டும் வெளிச்சம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றரோடு முடிகிறது, முல்லைத்தீவின் வெளிக்கடலில் இருபத்துநான்கு மீற்றர் வரை போகிறது. பாடநூலில் 200 மீற்றர் என்று படித்த மாணவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. அந்த 200 மிகத் தெளிந்த நடுச்சமுத்திரத்துக்குரிய எண் என்பதையும், ஆற்று வண்டலும் நுண்தாவரங்களும் கலந்த கரையோர நீர் அதற்குள் அடங்காது என்பதையும் இந்தத் தட்டு அரை மணி நேரத்தில் விளங்கவைத்தது. என் கரும்பலகை பத்து வருடங்களாகச் செய்யாத வேலை அது.

எங்களை அழைத்துச் சென்ற சம்மாட்டி ஐயாவுக்குத் தட்டு தேவைப்படவேயில்லை. ஒரு நாள் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, "இண்டைக்குக் கலங்கல் சேர், இறக்கினவுடன மறைஞ்சிடும்" என்றார். ஒரு முழத்துக்குள் மறைந்தது.

நான் எதிர்பாராத பயன் ஒன்றும் இந்தக் கருவியில் கிடைத்தது. மாணவி ஒருத்தி தன் தலைமயிர் கட்டியிருந்த சிவப்பு நாடாவைக் கழற்றித் தட்டின் கொளுவியில் முடிந்துவிட்டாள். இரண்டு மீற்றரில் அது செங்கல் நிறமானது. நான்கு மீற்றரில் கறள் படிந்த பழுப்பு. அதற்குக் கீழே அது சிவப்பு நாடா என்று சத்தியம் பண்ணினாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீர் ஒளியை நிறம் பிரித்து விழுங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. முதலில் போவது சிவப்பு, அடுத்து செம்மஞ்சள், பின் மஞ்சள். தெளிந்த கடலில் கடைசிவரை தாக்குப்பிடிப்பது நீலம். கலங்கிய கரையோர நீரில் நீலமும் உறிஞ்சப்படுவதால் பச்சையே ஆழம் போகிறது, நம் கரைக்கடல் பச்சையாகத் தெரிவதும் அதனாலேயே. இதில் கவனிக்க வேண்டியது, நான்கு மீற்றரில் உள்ள நாடாவைப் படகிலிருந்து பார்க்கும்போது ஒளி நான்கு மீற்றர் இறங்கி, மீண்டும் நான்கு மீற்றர் ஏறி, மொத்தம் எட்டு மீற்றர் நீரைக் கடந்தே கண்ணுக்கு வருகிறது என்பதாகும். ஆழக்கடல் இறால்கள் பல கடுஞ்சிவப்பாக இருப்பதன் சூட்சுமமும் இதுவே: சிவப்பு ஒளி எட்டாத இடத்தில் சிவப்பு உடல் கறுப்பாகிவிடும், வேட்டையாடுபவன் கண்ணில் படாது.

தட்டு காட்டுவது மேல்வலயத்தை மட்டுமே என்பதை வாங்குபவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். 200 முதல் 1000 மீற்றர் வரையிலான மங்கல் வலயத்தில் பார்வைக்கு ஓரளவு வெளிச்சம் உண்டு, ஒளித்தொகுப்புக்குப் போதாது. அங்கு பகலைக் கழிக்கும் சிறுமீன்களும் கணவாய்களும் பொழுது பட்டதும் இரை தேடி மேலே ஏறி விடியுமுன் இறங்கிவிடுகின்றன. 1000 மீற்றருக்குக் கீழே சூரியன் இல்லை. உயிரினங்களே உண்டாக்கும் நீல மினுக்கம் மட்டுமே. ஒளித்தொகுப்பின் எல்லைக்கு விதிவிலக்குகளும் உண்டு. பகாமாஸ் அருகே 268 மீற்றர் ஆழத்தில் பாறையில் ஒட்டி வளரும் செவ்வல்காவை (சிவப்புப் பாசியை) கண்டிருக்கிறார்கள். மேற்பரப்பு ஒளியின் 1 வீதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கும் அதற்குக் கிடைப்பதில்லை.

வன்னியின் மேற்குக் கடலுக்கு இந்த ஆழங்கள் எதுவும் பொருந்தாது. பாக்கு நீரிணைப் பக்கம் பதின்மூன்று மீற்றருக்கு மேல் ஆழமான இடம் அரிது. நீர் தெளிந்திருந்தால் அடித்தளம் முழுவதற்கும் வெயில் போய்ச் சேரும், ஆகவேதான் அங்கே கடற்புல் படுகைகளும் அவற்றை மேயும் கடற்பசுவும் உள்ளன. கடற்புல்லுக்கு 1 வீதம் காணாது, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஒளி வேண்டும். விடத்தல்தீவில் நாங்கள் எடுத்த மூன்று மீற்றர் அளவின்படி புல் நான்கு மீற்றர் வரையே வேர்விடலாம். இலங்கையில் 2017 இல் தடைசெய்யப்பட்ட இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) அடிச்சேற்றைக் கிளறிவிடும்போது வலையில் அள்ளுப்படுவது மீன் மாத்திரமா என்று மாணவன் ஒருவன் கேட்டான். நீர் கலங்கினால் வெளிச்சமும் அதோடு புல்லின் எல்லையும் மேலேறிவிடும்; தட்டும் கயிறும் கையில் இருந்தபடியால் அந்தக் கேள்விக்கு மீற்றர்க் கணக்கில் பதில் சொல்ல முடிந்தது.

இனி மற்றக் குறைகள். கயிற்றில் மையால் இட்ட அளவுக் குறிகள் இரண்டாம் பயணத்திலேயே உப்புநீரில் அழிந்தன. நனைந்தபின் கயிறு பத்து மீற்றருக்கு ஒரு சாண் இழுபட்டும் இருந்தது. கரைவலைக்காரர்களிடம் வாங்கிய கயிற்றில் மீற்றருக்கொரு நிறநூல் முடிந்து அதை மாற்றினோம். கொளுவி கறள் பிடித்துவிட்டது. அடிப்பாரம் போதாமல் நீரோட்டத்தில் தட்டு சரிந்து போவதால் கயிறு சாய்ந்து ஆழம் கூடுதலாக விழுகிறது. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு நான்கு சேர்த்த பின்னரே நேராக நின்றது. பூச்சு மட்டும் பழுதில்லை, மினுக்கமற்ற நல்ல வெள்ளை.

மாணவர்கள் பழைய பெயின்ற் வாளியின் முப்பது சென்ரிமீற்றர் மூடியை வெள்ளையடித்து, நடுவில் துளையிட்டு ஈயம் கட்டி, வாங்கிய தட்டோடு அருகருகே இறக்கிப் பார்த்தார்கள். வாளி மூடி அரை மீற்றர் கூடுதல் ஆழம் வரை தெரிந்தது. குளத்திலும் களப்பிலும் அளப்பவர்கள் இந்தத் தட்டை வாங்கலாம். கடலுக்கென்றால் மூடியே மேல். படத்தில் காட்டிய தட்டை அனுப்பும்படி கடைக்கு எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் இன்னும் பதில் இல்லை.