முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

என் மாதச் சம்பளத்தில் கால் பங்கு போய்விட்டது. டயரின் விலையை இதில் சேர்க்கவில்லை. புது டயர் போடக் கொடுத்த என் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை ஒழுங்காகத் திருப்பி மாட்டாத ஒரு சர்வீஸ் நிலையம், தான் உண்டாக்கிய பழுதுக்கே இரண்டாவது பில் போட்டு என்னிடம் வாங்கிய பணம் அது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சக்கரத்தை மாட்டும் முறையையும் முடிவில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எல்லா நிறுவனங்களின் வண்டிகளையும் பார்க்கும் பெரிய பட்டறை அது. சுவரில் கருவிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுள் முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சும் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. "ஆக்சிலை அளவு பார்த்துத்தானே இறுக்குவீர்கள்?" என்று கேட்டேன். சக்கரத்தின் நடுவே செல்லும் அச்சுதான் ஆக்சில். "இது எங்களுக்கு அன்றாட வேலை சார், நீங்கள் நிம்மதியாக உட்காருங்கள்" என்று மேற்பார்வையாளர் புன்னகையோடு சொன்னார். அந்த ரெஞ்ச் சுவரை விட்டு இறங்கவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டு முதன்முதலில் முன்பிரேக்கைப் பிடித்தபோது, லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடி வரை வந்து ஒட்டியது. சக்கரத்தை மாட்டும்போது, பிரேக் பிடிக்கும் பாகமான காலிப்பரின் பிஸ்டன்களை உள்ளே தள்ளுவார்கள்; அவை அழுத்தும் பேட்கள், சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கை மீண்டும் தொடும் வரை லீவரைப் பலமுறை அழுத்திப் பார்த்த பிறகே வண்டியை ஒப்படைக்க வேண்டும். பின்பிரேக் இருந்ததால் உயிர் தப்பினேன். திரும்பிச் சென்று சொன்னபோது, "நாலு தடவை அழுத்தினால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்கள். சாலையில் ஓட்டும் என்னிடமா அந்த வேலையை விடுவது?

அதோடு முடியவில்லை. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் அதிர்ச்சி நேராகக் கைகளில் ஏறியது. டிஸ்க் இடைவிடாமல் உரசியது. முதலில் புதிய டயர் பழக வேண்டும் என்றார்கள். அடுத்து சாலை சரியில்லை என்றார்கள். பிறகு நான் ஓட்டும் விதத்தையே குறை சொன்னார்கள். கடைசியில் சக்கரம் உராய்வின்றிச் சுழல உதவும் பேரிங் போய்விட்டது, சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் வளைந்திருக்கிறது என்று சொல்லி அந்தக் கால் பங்குச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகும் உரசல் நிற்கவில்லை.

வேறொரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஆக்சிலில் கோக்கும் சிறு குழாய்களான இடது வலது ஸ்பேசர்கள் இடம் மாறியிருந்தன. அவை ஒரே நீளமுள்ளவை அல்ல என்பதால் சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கி, டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓடவில்லை. ஆக்சிலை இறுக்கும் முன்பே ஃபோர்க் காலின் அடியில் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை இறுக்கியிருந்ததால், அந்தக் கால் தன் நிலைக்கு வர முடியாமல் இழுபட்டு, மேலும் கீழும் சீராக நகராமல் இறுகிப்போயிருந்தது. ஃபோர்க் வளையவே இல்லை. ஸ்பேசர்களை மாற்றிப் போட்டு, முறைப்படி இறுக்கியதும் வண்டி பழையபடி ஓடுகிறது. அதற்கு அவர் வாங்கிய கூலி மிகச் சிறியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், முதலாளி வெளியே போயிருக்கிறார் என்ற ஒரே பதில்தான் வருகிறது. கால் பங்குச் சம்பளம், ஐயா! அதை எந்த முகத்தோடு வைத்துக்கொள்கிறார்கள்?

விரிவாக எழுதும் மனநிலையில் இப்போது இல்லை, இவற்றையாவது பாருங்கள். கழற்றும் முன் ஸ்பேசர்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். டயரின் பக்கச் சுவரிலுள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். முதலில் ஆக்சில், அடுத்து முன்பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைப் பலமுறை அழுத்தி விடுவது, அதற்குப் பிறகே பிஞ்ச் போல்ட்: இந்த வரிசையில்தான் இறுக்கச் சொல்லுங்கள், விசையின் அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்க்காமல், லீவர் கெட்டியாக நிற்காமல் நகராதீர்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். என் பேரிங்கைக் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.