பொயின்ட் முதல் தனிக்கொயில் வரை: உப்புக்காற்று ஊருக்கு எந்தத் தீப்பொறி ஒழுங்கு?

மட்டக்களப்பின் எழுவான்கரையில் பெற்றோல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி தொடங்கித் தை முடியும்வரை, விடிந்ததும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா என்பது ஒரு கவலைதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி; நடுவில் மாமரத்தின் கீழ் இரவு முழுவதும் நின்ற காரின் பொனற்றைத் திறந்தால், எஞ்சினின் மேல் வியர்வை பூத்ததுபோல ஈரம் படிந்திருக்கும். அந்த ஈரத்தில் உப்பும் கலந்திருக்கிறது. சுத்தமான நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும்; உப்பீரம் நன்றாகக் கடத்தும். ஆகவே, பெற்றோலைப் பற்றவைக்கும் எந்தத் தீப்பொறி ஒழுங்கு வலிமையான பொறியைத் தருகிறது என்று கேட்பதற்கு முன், பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் எவ்வளவு தூரம் வெளிக்காற்றுக்கு அருகில் பயணிக்கிறது என்று கேட்பதே இந்த ஊருக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

இலங்கையில் 2020 மார்ச்சில் தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கம்வரை அந்தத் தடை நீடித்ததால், பழைய கார்களை நாம் கைவிடவில்லை. திருத்தித் திருத்தி ஓட்டினோம். அதனால் கல்முனைக்கும் வாழைச்சேனைக்கும் இடைப்பட்ட வீதியில் நான்கு தலைமுறைத் தீப்பொறி ஒழுங்குகளை இன்றும் ஒன்றாகக் காணலாம். மொரிஸ் மைனரிலும் பழைய டட்சன் சன்னியிலும் இருப்பது பொயின்ட், அதாவது திறந்து மூடி மின்சாரத்தை அறுக்கும் உலோக முனைகள். கொரோலா 110, நிசான் சன்னி எஃப்பி 14 போன்றவற்றில் இருப்பது பொயின்ட் இல்லாத மின்னணு டிஸ்ரிபியூட்டர்; உயர் வோல்ட் மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி பிரித்துக் கொடுப்பதுதான் டிஸ்ரிபியூட்டர். டிஸ்ரிபியூட்டரே இல்லாமல், வோல்ட்டை உயர்த்தும் கொயில் இரண்டு சிலிண்டருக்கு ஒன்று என்று அமைந்தவை மூன்றாம் வகை. கொரோலா 121 போன்றவற்றில், சிலிண்டருக்குள் பொறி விடும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கொயில் இருக்கும்; இதுவே நான்காம் வகையான தனிக்கொயில்.

நான்குக்கும் அடிப்படை ஒன்றுதான். பற்றரியின் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு பிளக்கின் இடைவெளியைத் தாண்ட முடியாது. அமுக்கப்பட்ட பெற்றோல் கலவைக்குள் பொறி பாய 10,000 முதல் 30,000 வோல்ட் வரை வேண்டும். கொயிலுக்குள் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகளும், அதனோடு மெல்லிய கம்பியில் ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகளும் இருக்கும். தடித்த கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது இரும்பு மையத்தில் காந்தப்புலம் சேரும். அந்த ஓட்டத்தைச் சட்டென்று அறுத்தால் காந்தப்புலம் சரிந்து, தடித்த கம்பியிலேயே சில நூறு வோல்ட்டையும், மெல்லிய கம்பியில் பல்லாயிரம் வோல்ட்டையும் எழுப்பும். பொறி பிறப்பது மின்சாரம் கொடுக்கும்போது அன்று, அறுக்கும்போது. இந்த முறையைக் காருக்கு நிலைநாட்டியவர் அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங். 1912ஆம் ஆண்டு மாடல் கடிலாக்கில் மின் ஸ்டார்ட்டரோடு இதுவும் வந்தது. அதன் பின்னர் நடந்த மாற்றம் எல்லாம் இரண்டு கேள்விகளைச் சுற்றியதுதான்: ஓட்டத்தை அறுப்பது எது, எழுந்த மின்சாரத்தை உரிய சிலிண்டருக்குக் கொண்டுபோவது எது?

பொயின்டில் அறுக்கும் வேலையைச் செய்வது ஒரு சோடி உலோக முனைகள். டிஸ்ரிபியூட்டரின் நடுத்தண்டில் உள்ள கேம் என்ற மேடுள்ள பகுதி சுழன்று அவற்றைத் திறக்கிறது. பக்கத்தில் இருக்கும் கண்டென்சர், முனைகள் பிரியும்போது அங்கே பொறி பறக்காமல் தடுத்து, அறுப்பைக் கூர்மையாக்குகிறது. இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர், காருக்குக் கார் சற்று மாறும். கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கும், கூடவே பொறி பாயும் நேரமான டைமிங்கும் பின்தள்ளிப் போகும். இழுவை குறைந்து, எஞ்சின் சூடேறி, பெற்றோல் கூடக் குடிக்கும். ஆனால் எல்லாம் மெல்ல மெல்ல நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. முனைகள் கருகிவிடாமல் இருக்க 4 அம்பியருக்கு மேல் ஓட்டம் கொடுக்கவும் முடியாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்றால் வினாடிக்கு 200 பொறி வேண்டும். ஒரே கொயில் என்பதால் ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 மில்லிசெக்கன்தான். அதிலும் முனைகள் மூடி நின்று கொயில் நிரம்புவதற்குக் கிடைப்பது 3 மில்லிசெக்கன் அளவு. வேகம் கூடும்போது பொறி மெலிவது இதனால்தான்.

இத்தனை குறை இருந்தும் பொயின்டை நான் மதிக்கிறேன். அப்பாவின் பழைய கார் ஒருமுறை கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வெளியின் நடுவே நின்றுவிட்டது. அப்பா டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, நெருப்புப் பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து முனைகளுக்கு நடுவே இழுத்துச் சுத்தம் செய்து, ஒரு தடித்த அட்டையை இடைவெளியில் வைத்துத் திருகாணியை இறுக்கினார். பத்து நிமிடத்தில் கார் ஓடியது. அறுக்கும் இடத்தைக் கண்ணால் காணவும் கையால் திருத்தவும் முடிகிற ஒரே ஒழுங்கு இதுதான்.

மின்னணு டிஸ்ரிபியூட்டரில் உலோக முனைகளின் இடத்தில் ட்ரான்சிஸ்டர் வந்தது. கேமின் இடத்தில் பல் வைத்த ஒரு சக்கரம் சுழல, அதைக் காந்தச் சுருளோ ஒளியுணரியோ உணர்ந்து, எப்போது அறுக்க வேண்டும் என்று சொல்கிறது. கிறைஸ்லர் 1973ஆம் ஆண்டுக் கார்களில் இதைப் பொதுவாக்கியது. பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ட்ரான்சிஸ்டருக்குத் தேய்மானம் இல்லை, 6 முதல் 8 அம்பியர் வரை தாங்கும். கொயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், பிளக் இடைவெளியை 0.7 மில்லிமீற்றரிலிருந்து 1.1 வரை விரித்து, நீண்ட பொறியால் மெலிந்த கலவையையும் எரிக்க முடிந்தது.

ஆனால் என் முதல் கேள்விக்கு வந்தால், இந்த முன்னேற்றம் பாதி வழியிலேயே நிற்கிறது. அறுப்பது திருந்தியது, கொண்டுபோகும் வழி அப்படியே இருக்கிறது. பல கார்களில் கொயிலிலிருந்து ஒரு நீண்ட வயர், டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுவே கரிமுனை, கீழே சுழலும் ரோட்டர், ரோட்டரிலிருந்து மூடியின் முனைக்கு ஒரு சிறு பாய்ச்சல், அங்கிருந்து மீண்டும் நான்கு நீண்ட வயர்கள். மூடிக்குள் ஒவ்வொரு பாய்ச்சலும் ஓசோனை உண்டாக்குகிறது. ஈரக்காற்றும் சேர்ந்தால் அமிலம் பிறந்து உலோக முனைகளை அரித்துப் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கச் செய்கிறது. மூடியில் நூல்போல ஒரு வெடிப்பு விழுந்து அதில் உப்பீரம் இறங்கினால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியே எஞ்சின் உடலுக்கு ஓடும். ஓடிய தடம் கருகிக் கரியாகிவிடும். கரியும் மின்கடத்திதான், அதன் பிறகு எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். பொறி வலுவாகியதால் கசியும் உந்தலும் கூடிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்: பொயின்ட் காலத்தில் தாக்குப்பிடித்த சுமாரான வயர், இந்த ஒழுங்கில் தாக்குப்பிடிக்காது.

2011 ஜனவரி வெள்ளத்தில் என்னுடைய அன்றைய கார் செங்கலடிப் பக்கம் முழங்கால் அளவுத் தண்ணீருக்குள் இருமி இருமி நின்றது. மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த சாரத்தால் துடைத்து, வயர்களையும் ஈரமில்லாமல் ஒற்றியெடுத்ததும் ஓடியது. அதே காரில் வேறொரு நாள், அம்பாறையிலிருந்து திரும்பும் வழியில் காரைதீவைத் தாண்டியதும் நடந்தது இதற்கு நேர்மாறானது. உச்சி வெயிலில் எஞ்சின் எந்த இருமலும் இல்லாமல் அணைந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஓடியது. ஐந்து கிலோமீற்றரில் மீண்டும் அணைந்தது. கல்முனையில் ஒரு மெக்கானிக் டிஸ்ரிபியூட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, ஆறினா ஓடும், மறுகா சூடேறினா நிக்கும். இதத் திறந்து செய்ய ஏலாது, மாத்தத்தான் வேணும்” என்றார். எஞ்சினின் சூட்டில் பல ஆண்டுகள் வெந்த ட்ரான்சிஸ்டர் கட்டைதான் காரணம். ஈரத்தால் வரும் கோளாறைத் துணியால் தீர்க்கலாம். சூட்டால் வரும் கோளாறுக்கு வீதியில் மருந்தில்லை. இரண்டு தலைமுறையின் பலவீனங்களும் ஒரே பாத்திரத்தில் இருப்பதால், நம் கரைக்கு மிகக் கூடிய பராமரிப்பைக் கேட்பது இந்த இரண்டாம் வகையே என்று நான் கருதுகிறேன்.

மூன்றாம் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலாவதும் நான்காவதும் சிலிண்டர்கள் ஒரு கொயிலின் இரு முனைகளிலும், இரண்டாவதும் மூன்றாவதும் மற்றக் கொயிலிலும் இணைந்திருக்கும். இரண்டு பிளக்குகளும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஒன்று அமுக்கத்தின் முடிவில் கலவையை எரிக்கும், மற்றது புகை வெளியேறும் நேரத்தில் வீணாகும். அழுத்தம் குறைந்த அந்தச் சிலிண்டரில் பொறி பாயச் சிறிதளவு வோல்ட்டே போதும் என்பதால் இழப்பு பெரிதன்று. 1948இல் வந்த சிட்ரோயன் 2 சிவியின் இரண்டு சிலிண்டர் எஞ்சினிலேயே இந்த உத்தி இருந்தது. நான்கு சிலிண்டரில் கொயில் நிரம்பக் கிடைக்கும் நேரம் 6,000 சுற்றில் 10 மில்லிசெக்கனாக இரட்டிக்கிறது. ரோட்டரும் மூடியும் தொலைந்தது நமக்குப் பெரிய ஆதாயம். வயர்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

நான்காம் வகையில் அவையும் இல்லை. கொயில்வரை செல்வது 12 வோல்ட் வயர்தான். உயர் வோல்ட் பயணிப்பது சிலிண்டர் தலைக்குள் இறங்கும் பிளக் குழியில் ஒரு சாண் தூரம் மட்டுமே, அதுவும் இறப்பர் உறைக்குள். ஒவ்வொரு கொயிலுக்கும் 20 மில்லிசெக்கன் கிடைப்பதால் உச்ச வேகத்திலும் பொறி மெலிவதில்லை. டைமிங்கைக் கவனிப்பது பழைய காலத்து எடைகளும் வெற்றிடக் குடுவையும் அல்ல. எஞ்சினின் கிராங்க், கேம் தண்டுகளின் சென்சர்களைப் பார்த்து, காரின் கணினியான ஈசியூ கணக்கிடுகிறது. ஒக்ரேன் 95 கிடைக்காமல் 92 ஊற்றினாலும், அதனால் எஞ்சின் தட்டத் தொடங்கினால், நொக் சென்சர் கேட்டுப் பொறியைச் சற்றுப் பிந்தவைக்கும். ஒரு கொயில் செத்தாலும் மூன்று சிலிண்டரில் வீடு வந்து சேரலாம்; ஸ்கேனரில் பி 0301 என்று வந்தால் முதல் சிலிண்டர் எரியவில்லை என்று பொருள். ஆனால் அப்படியே நாள்கணக்கில் ஓட்டக் கூடாது: எரியாத பெற்றோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். சில கார்களில் ஈசியூ அந்தச் சிலிண்டருக்குப் பெற்றோலை நிறுத்திக் காப்பாற்றும், எல்லாவற்றிலும் அப்படியில்லை.

ஈரத்துக்கு மிகப் பாதுகாப்பான இந்த ஒழுங்கை நாமே கெடுப்பதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. சேர்விஸ் நிலையத்தில் உயரழுத்தத் தண்ணீரை எஞ்சினின் மேல் நேராக அடிக்கிறோம்; அது பிளக் குழிக்குள் இறங்கித் தேங்கினால் பல நாட்களுக்கு வெளியேறாது, கொயில் உறையின் ஓரமாகப் பொறி கசியத் தொடங்கும். இரிடியம் பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்க்கிறோம். அதன் மெல்லிய நடுமுனை அதைத் தாங்காது. ஒரு இலட்சம் கிலோமீற்றர் அளவுவரை தொடாமல் விட்டு, பிறகு மாற்றுவதே முறை. பிளக் தேய்ந்து இடைவெளி விரிந்தால் கொயிலுக்கே சுமை கூடும். ஆகவே கொயில் போனதென்று புதியதை வாங்குவதற்கு முன் பிளக்கைப் பார்க்க வேண்டும்.

பொயின்ட் கார் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது, டிஸ்ரிபியூட்டரை மாற்றாமல் பொயின்டின் இடத்தில் காந்த உணரி பொருத்தலாம், ஆனால் கழற்றிய பொயின்டையும் கண்டென்சரையும் காரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதுதான். வெல்லாவெளி, மண்டூர் என்று கராஜிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்கு அது காவல். கொயிலுக்குப் போகும் ஓட்டத்தைக் குறைக்கும் தடைக்கம்பி காரில் இருக்கிறதா என்று பார்க்காமல் உணரியை இணைத்தால் அந்த உணரி எரிந்துபோகக்கூடும். இரண்டாம் வகைக் கார் வைத்திருப்பவர் மூடி, ரோட்டர், வயர் மூன்றையும் மழைக்கு முன்பே, புரட்டாதியில் பார்த்துவிட வேண்டும். இரவில் விளக்கை அணைத்து, பொனற்றைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுச் சற்று விலகி நின்று பார்த்தால் போதும். வயர்களைச் சுற்றி நீல ஒளி நெளிந்தால் அங்கே மின்சாரம் கசிகிறது.

புதிதாக வாங்குவதானால், இந்தக் கரையில் தனிக்கொயில் காரையே தேடுங்கள். விலை பேசுவதற்கு முன், எஞ்சின் ஆறிய பிறகு நான்கு கொயில்களையும் கழற்றிக் குழிகளுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உறையின் அடியில் வெள்ளைப் பொடி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கறுத்த எண்ணெய் இருந்தால் மேல்மூடியின் கெஸ்கெற் போயிருக்கிறது. உலர்ந்து சுத்தமாக இருந்தால், அதைக் கவனித்தவர் மற்றவற்றையும் கவனித்திருப்பார் என்று நம்பி அடுத்த சோதனைக்குப் போகலாம்.