பழைய காரின் கூலிங் சிஸ்டத்தை வீட்டிலேயே மாற்றி நான்கு வருடம்

என் காருக்கு இப்போது 17 வயது. நான்கு வருடத்துக்கு முன்பு ரேடியேட்டர், ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு), ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றினேன். அதன் பிறகு 52,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடியும்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கறைதான். ரேடியேட்டரின் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பில், பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. வண்டி சூடாக இருக்கும்போது கசிந்து அந்த இடத்திலேயே காய்ந்துவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் இருக்கும் ரிசர்வ் டேங்கில் மட்டும் மாதம் ஒரு விரற்கடை குறைந்துகொண்டே வந்தது. வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த பிளாஸ்டிக் உயிரற்றுப் போயிருந்தது. ஹோஸைக் கழற்றும்போது அதன் கழுத்து முட்டை ஓடு மாதிரி கையோடு உடைந்து வந்தது.

முதல் கட்டமாக நான் ரேடியேட்டரையும் மூடியையும் மட்டும்தான் மாற்றினேன். மற்றதெல்லாம் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டே வாரத்தில் மேல் ஹோஸ் பிளந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. மூடியில் 1.1 என்று போட்டிருக்குமே, அது எத்தனை 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை மூடி பிடித்துவைக்கும் என்ற கணக்கு. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி சரியாக இருந்து அழுத்தம் ஏறினால் அதே கலவையின் கொதிநிலை 130 டிகிரியை நெருங்கும். என் பழைய மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து, அதன் ரப்பர் வளையமும் இறுகிப்போயிருந்தது. அதனால் பல காலமாக முழு அழுத்தமே ஏறவில்லை. பழைய ஹோஸும் அந்தச் சலுகையில்தான் பிழைத்திருந்தது. புது மூடி வந்ததும் தாங்க முடியவில்லை. அதனால்தான் பழைய வண்டி வைத்திருக்கும் யார் கேட்டாலும், ரப்பர், மூடி, தெர்மோஸ்டாட் மூன்றையும் ரேடியேட்டரோடு சேர்த்தே மாற்றச் சொல்கிறேன்.

பிளந்த ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே பளபளப்பு, உள்ளே, ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் வரிசையாக மெல்லிய கீறல்கள். ஹோஸ் உள்ளிருந்துதான் கெடும். வெளிப்பார்வையை நம்பாமல், வண்டி ஆறியபின் நடுப்பகுதியையும் நுனிப்பகுதியையும் மாறி மாறி அமுக்கிப் பாருங்கள். நுனி மட்டும் கொழகொழவென்று இருந்தால் அதன் காலம் முடிந்தது. ஒட்டிக்கொண்ட ஹோஸை இழுக்கவே கூடாது, முறுக்கித்தான் கழற்ற வேண்டும். அப்படியும் வராவிட்டால் ஹோஸை அறுத்துவிடுங்கள். உலோகக் கழுத்தில் கத்தி பட்டுக் கோடு விழுந்தால் புது ஹோஸும் அங்கே கசியும். மாட்டும்போது கொஞ்சம் கூலன்ட்டைத் தடவினாலே வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். கிரீஸ், எஞ்சின் ஆயில் வேண்டாம், அந்த ரப்பர் ஊதிப்போகும்.

திருகும் வகை கிளாம்ப் எனக்குத் திருப்தி தரவில்லை. புது ரப்பர் கொஞ்சம் அமுங்கியதும் பிடி தளர்ந்து, முதல் மாதத்தில் இரண்டு முறை முறுக்க வேண்டி வந்தது. பிறகு வண்டியோடு வந்த ஸ்பிரிங் கிளாம்ப் வகைக்கே திரும்பிவிட்டேன். ரப்பர் அமுங்க அமுங்க அதுவே இறுக்கிக்கொள்ளும். இதுவரை கை வைக்கவில்லை.

தெர்மோஸ்டாட்டில்தான் ஏமாந்தேன். மலிவாகக் கிடைத்தது ஒன்பதாவது மாதத்தில் திறந்தபடியே நின்றுவிட்டது. வண்டி சூடாகாது என்பதால் பலர் இதைக் கவனிக்க மாட்டார்கள். நீண்ட சாலையில் வெப்பநிலை முள் வழக்கமான இடத்துக்குக் கீழேயே நின்றது, ஹீட்டர் காற்று வெதுவெதுப்பாகவே வந்தது, மைலேஜும் குறைந்தது. அடுத்து வாங்கியதை மாட்டும் முன் நூலில் கட்டி, தண்ணீர் உள்ள பாத்திரத்தில் தொங்கவிட்டு, தெர்மோமீட்டரோடு சூடாக்கிப் பார்த்தேன். 82 என்று பொறித்திருந்தது, 82ஐ ஒட்டியே வாய் திறந்தது. அது இன்றும் ஓடுகிறது. அதில் ஆடும் சிறு ஊசி ஒன்று இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி மாட்டுங்கள், காற்று வெளியேற அதுதான் வழி.

இந்த வேலையில் பொறுமை வேண்டிய இடம், கூலன்ட் ஊற்றும்போது உள்ளே மாட்டும் காற்றை எடுப்பது. முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வண்டி ஆறியிருக்கும்போதே ஊற்றத் தொடங்க வேண்டும். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு மேல் ஹோஸை மெதுவாக அமுக்கினால் குமிழ்கள் வரும். முதல் தடவை எனக்கு ஐடிலிங்கில் குளிர்ந்த காற்றும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சூடான காற்றும் வந்தது. உள்ளே காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். மூடியை மாட்டி ஒரு சுற்று ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில் திறந்து நிரப்பிய பிறகுதான் சரியானது. சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் தொடாதீர்கள்.

வாட்டர் பம்ப்பை அப்போது தொடவில்லை. என் வண்டியில் அது டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டாவது வருடம் பெல்ட் மாற்றும் நேரம் வந்தபோது பம்ப்பின் கசிவுத் துளையில் ஈரத்தடம் தெரிந்தது, சேர்த்தே மாற்றிவிட்டேன்.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை. வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலக்க வேண்டும். இன்னொன்று, வடித்த பழைய கூலன்ட்டைத் தரையிலோ சாக்கடையிலோ ஊற்றிவிடாதீர்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சமே போதும் உயிரை எடுக்க. நான் கேனில் பிடித்து மூடி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் காலையில் மூடியைத் திறந்து பார்த்தேன். கூலன்ட் தெளிவாக இருக்கிறது, ரேடியேட்டர் விளிம்பு காய்ந்தபடி சுத்தமாக இருக்கிறது, ரிசர்வ் டேங்கின் அளவு கோட்டிலிருந்து அசையவில்லை. கீழ் ஹோஸின் நுனி மட்டும் லேசாக மிருதுவாகத் தொடங்கியிருக்கிறது. புது ஹோஸ் வாங்கி டிக்கியில் போட்டுவிட்டேன். அடுத்து கூலன்ட் மாற்றும்போது மாட்டிவிடுவேன்.