மூன்று அரைவட்டக் கத்திகள்: சேணத் தோலில் வெட்டிப் பார்த்த பிறகு

தோல் வெட்ட நல்ல அரைவட்டக் கத்தி ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்து, மூன்று கத்திகள் வாங்கிய பிறகுதான் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது. ஆங்கிலத்தில் இதன் பெயரான ரவுண்ட் நைஃப் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது, படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. மூன்றைப் பற்றியும் இங்கே எழுதிவிடுகிறேன், வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

முதல் கத்தி புதிது. டமாஸ்கஸ் அலகு, அதாவது பல உருக்குத் தகடுகளை அடுக்கி அடித்தது, அதில் அலையலையாகக் கோடுகள், வண்ண மரப் பிடி, பித்தளைப் பூண். விற்றவர் யார் என்பது வேண்டாம், இதே மாதிரிக் கத்தியைப் பலர் விற்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் காகிதத்தில் வைத்து இழுத்தேன், சர்ரென்று வெட்டியது. ரொம்ப சந்தோஷம். அப்புறம் சேண வாருக்காக வைத்திருந்த கனமான தோலில் வைத்துத் தள்ளினேன். இரண்டு விரல் அகலம்கூட உள்ளே போகவில்லை, நின்றுவிட்டது. வாய் கூராகத்தான் இருக்கிறது, ஆனால் தோல் இரண்டு பக்கமும் அலகைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. இன்னும் அழுத்தித் தள்ளினால் திடீரென்று வழுக்கி ஓடுகிறது, கோடு போன இடத்தை விட்டு வெட்டு வேறு எங்கோ போகிறது. இடது கை அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றைக்கு அத்தோடு வேலையை நிறுத்தினேன்.

சேணத்துக்குப் போடும் தோல் பெரும்பாலும் 13 முதல் 15 அவுன்ஸ். தோல் கணக்கில் ஒரு அவுன்ஸ் என்பது ஒரு அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். ஆக 5, 6 மில்லிமீட்டர் கனத்தை ஒரே தள்ளில் வெட்ட வேண்டும். காகிதத்திலும் மெல்லிய பைத் தோலிலும் இந்தக் குறை தெரியவே தெரியாது. காலிப்பர் வைத்து அளந்து பார்த்தேன்: வாயிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி அலகின் கனம் 2 மில்லிமீட்டருக்கு மேல். அதாவது கனமான தகட்டில் ஓரத்தை மட்டும் சரித்துக் கூராக்கி அனுப்பியிருக்கிறார்கள். அது கோடாலிக்குச் சரி, விறகைப் பிளக்க ஆப்பு மாதிரி விரிய வேண்டும். தோலைப் பிளக்கக் கூடாது, தோலுக்குள் நழுவிப் போக வேண்டும்.

சரி, நாமே மெலிதாக்கிவிடலாம் என்று சாணைக்கல்லில் பல மாலைகள் உட்கார்ந்து தேய்த்தேன். வெட்டு நன்றாகவே வந்தது, ஆனால் நாலு வார் வெட்டுவதற்குள் வாய் மடிந்துவிட்டது. நகத்தை வாயின் மேல் மெதுவாக வைத்து இழுத்தால், மடிந்த இடத்தில் ஒரு பக்கம் மட்டும் பிசிர் மாதிரி தட்டுப்படும். அப்படி இருந்தால் இரும்புக்குப் பதம் போதவில்லை என்று பொருள். இந்த வேலைக்கான கத்தி உருக்கின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 58 முதல் 62 வரை கடினமாக இருப்பது நல்லது. டமாஸ்கஸ் கோலம் அலகு எத்தனை கடினம் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. என்ன உருக்கு, என்ன கடினம் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள்.

இரண்டாவது, பழைய கத்தி. இதில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். பழைய ஆஸ்போர்ன் கத்தி ஒன்று ஏலத்தில் கிடைத்தது. சி. எஸ். ஆஸ்போர்ன் 1826-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொடங்கிய நிறுவனம், இன்றும் தோல் கருவிகள் செய்கிறார்கள். அலகில் நியூவார்க் என்ற ஊர்ப் பெயர் குத்தியிருந்தால் பழையது, பின்னால் பக்கத்து ஊரான ஹாரிசனுக்குப் போய்விட்டார்கள். ஆல்பனியின் காம்ஃப், பிலடெல்ஃபியாவின் ரோஸ் ஆகிய முத்திரைகள் உள்ள பழைய கத்திகளையும் சேண வேலை செய்கிறவர்கள் தேடி அலைகிறார்கள். ஐரோப்பா பக்கம் என்றால் சேண வேலைக்குப் பெயர் போன இங்கிலாந்தின் வால்சாலில் டிக்சன், பாரிசில் 1823-இல் தொடங்கிய வெர்ஜே பிளான்ஷார். சில பழைய அலகுகளில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று குத்தியிருக்கும். அதைப் பார்த்து வார்ப்பிரும்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூசை என்ற மண் குடுவையில் உருக்கி வார்த்த உருக்கு அது, பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740-களில் ஷெஃபீல்டு பக்கம் கொண்டுவந்த முறை, நல்ல வாய் பிடிக்கும்.

பழையதை வாங்கும்போது கறுத்துப்போயிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அந்தக் கறுப்பு ஒன்றும் செய்யாது. வாய்க்குப் பக்கத்தில் துரு அரித்துக் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குழி வாயை எட்டும்போது அங்கே வாய் பல் பல்லாக உடையும். அடுத்து இரண்டு முனைகள். பல வருஷம் தீட்டித் தீட்டிப் பிறை தேய்ந்து, முனை மொட்டையாகிப்போன கத்திகள் நிறைய வருகின்றன. உள்வளைவு வெட்டுவதும், வார் மூலையைத் திருப்புவதும் அந்த முனையால்தான், முனை போனால் பாதி கத்தி போன மாதிரி.

என்னுடையதில் ஒரு முனைப் பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்கு நீலம் பாய்ந்திருந்தது. யாரோ வேகமாகச் சுற்றும் சாணைச் சக்கரத்தில் வைத்துச் சூடாக்கியிருக்கிறார்கள். இந்த மாதிரி கார்பன் உருக்கு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் போனால்தான் அந்த நீலம் வரும், அதற்குள் பதம் இறங்கிவிடும். முதலில் அதைப் பொருட்படுத்தாமல் தீட்டினேன். கத்தி முழுக்க அருமையாக வெட்டியது, அந்த இடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் மழுங்கியது. கடைசியில் அந்தப் பக்கத்தில் ஒரு 3 மில்லிமீட்டரைக் கையாலேயே, தண்ணீர் விட்டு விட்டு, கல்லில் தேய்த்து எடுத்தேன். நல்ல இரும்பு தொடங்கியது கல்லில் தேய்க்கும்போதே தெரிந்தது. அன்றையிலிருந்து இது என் மேசையை விட்டுப் போகவில்லை. இப்போது வாயிலிருந்து 5 மில்லிமீட்டரில் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதே சேணத் தோலில் உடம்பின் எடையை லேசாகச் சாய்த்தாலே போகிறது.

இந்த அரைவட்ட வடிவம் சும்மா வந்ததில்லை. எகிப்தில் லக்சருக்கு எதிர்க்கரையில் உள்ள ரெக்மிரேயின் கல்லறையில், கி.மு. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவரோவியத்தில், தோல் வேலை செய்கிறவர் பிறை வடிவக் கத்தியால்தான் வெட்டுகிறார். தள்ளிக்கொண்டே மணிக்கட்டை லேசாக அசைத்தால் வாயின் ஒவ்வொரு பகுதியும் தோலில் உரசிப் போகும், அழுத்தும் விசை வெட்டும் விசையாக மாறுகிறது. நேர்க்கோட்டுக்கு நடுவயிறு, வளைவுக்கு முனை, ஓரம் சீவ வேண்டுமென்றால் படுக்க வைத்துப் பக்கவாட்டில். ஒரே கத்தி.

மூன்றாவது, தனியாக உட்கார்ந்து கத்தி செய்யும் ஒரு கொல்லரிடம் சொல்லி வைத்துச் செய்த புதுக் கத்தி. மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஓ1 என்ற கருவி உருக்கு, 2.4 மில்லிமீட்டர் தகடு, முதுகிலிருந்து வாய் வரை சீராக மெலிந்துகொண்டே வருகிறது, கடினம் 61 என்று எழுதியே கொடுத்தார். முதல் நாள் வெட்டு பழைய ஆஸ்போர்னைவிட நன்றாக இருந்தது என்று தயங்காமல் சொல்வேன். ஒரு நாள் முழுக்க வெட்டினாலும் நடுவில் கத்தி தீட்டும் தோல் வாரில் பத்துப் பதினைந்து தடவை தீட்டினால் போதும், கல்லுக்குப் போக வேண்டியதில்லை. வாரில் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பூசி வைத்திருக்கிறேன். தீட்டும்போது கத்தியைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள், முன்னால் தள்ளினால் வாரையே வெட்டிவிடும்.

பிடியில் மட்டும் ஒரு குறை. உள்ளங்கையில் உட்காரும் இடம் எனக்குக் கொஞ்சம் நீளம், அதனால் கட்டைவிரல் பூணைத் தாண்டி அலகின் முதுகில் வசதியாகப் படியவில்லை. கனத் தோலில் நேராகத் தள்ளும்போது அந்தக் கட்டைவிரல்தான் கத்தியை ஆடாமல் நிறுத்துகிறது. சொல்லிச் செய்யும்போது அலகைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்த நான் பிடியின் நீளத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் உள்ளங்கையை அளந்து கொடுத்துவிடுங்கள். அலகின் முதுகை, விரல் படும் இடத்தில், விளிம்பை மழுக்கி உருட்டித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாலையில் விரல் கன்றிவிடும்.

துருப்பிடிக்காத உருக்கு வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாவரப் பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து வெட்டுகிறவர்களுக்கு அதில் நியாயம் இருக்கிறது, தோலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் கார்பன் உருக்கில் உள்ள இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வெட்டிய ஓரத்தில் கறுப்புக் கறை விழும், அது எளிதில் போகாது. நான் கார்பன் உருக்கையே வைத்துக்கொண்டு, ஈரத் தோல் என்றால் இரண்டு வெட்டுக்கு ஒரு தடவை துணியால் துடைக்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு சொட்டு எண்ணெய். தோல் உறையிலேயே கத்தியை மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், உறை ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். ஆஸ்போர்னை வாங்கிய புதிதில் ஒரு மழைக்காலம் அப்படி விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தபோது, உறையின் தையல் வரிசை அப்படியே புள்ளி புள்ளியாகத் துருவாக அலகில் பதிந்திருந்தது. இப்போது அதுவும் கொல்லர் செய்த கத்தியும் மேசை ஓரத்தில் ஒரு மரப் பலகைப் பிளவில், வாய் எதிலும் படாமல் நிற்கின்றன.