முண்டந்துறைக் காட்டில் பாரோமீட்டர் ஜிபிஎஸ்: உயரக் கணக்கு எங்கே இடிக்கிறது?

திருநெல்வேலி மாவட்டத்துக் காரையாறு, சேர்வலாறு, மாஞ்சோலைப் பக்கம் ஓடைகளையும் தடங்களையும் வரைபடத்தில் ஏற்ற, பாரோமீட்டர் (காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொல்லும் உணரி) உள்ள கை ஜிபிஎஸ் பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. (வனத்துறை அனுமதி வாங்குவது தனிக் கதை.) இடத்தைக் காட்டுவதில் பெரிய குறை இல்லை. செயற்கைக்கோள் அனுப்பும் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் கருவி மரத்தடியிலும் ஓரளவு ஒழுங்காகக் கோடு போடும். எல்1 மட்டும் வாங்குவது, பள்ளத்து ஓடையில் இறங்கியதும் பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலில் ஏமாந்து இரு கரைக்கும் மாறி மாறித் தாவும்.

தலைவலி உயரம்தான். நம்ம பக்கம் கடல்மட்டம், ஜிபிஎஸ் உயரத்தைக் கணக்கிடும் நீள்கோளப் பரப்புக்கு (பூமியின் வடிவமாக வைத்துக்கொண்ட வழவழப்பான கணிதப் பரப்பு) 90 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. திருத்தம் செய்யாத செயலியைத் திருநெல்வேலி ஜங்ஷனில் திறந்தால் உயரம் மைனஸில் வரும். அந்தப் பரப்புக்கும் கடல்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்டும் ஜியாய்டு திருத்தத்தைப் போட்டால் இது தீர்ந்தது.

பாரோமீட்டர் அவ்வளவு லேசில் தீராது. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், 8, 9 மீட்டர் ஏறிவிட்டதாகக் கருவி எண்ணிக்கொள்ளும். நம் ஊர்களில் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை 4 மணி வாக்கில் 3 ஹெக்டோபாஸ்கல் போல இறங்கும். பாறைமேல் சும்மா வைத்த கருவிகூடச் சாயங்காலத்துக்குள் 25 மீட்டர் 'ஏறிவிடும்'. 1:50,000 அளவு நிலவரைபடத் தாளில் சமஉயரக் கோட்டு (ஒரே உயரத்துப் புள்ளிகளை இணைக்கும் கோடு) இடைவெளியே 20 மீட்டர்தான்! எனவே உயரம் தெரிந்த புள்ளியில் சரிசெய்து புறப்பட்டு, திரும்பும்போது அதே புள்ளியில் மறுபடி பார்த்து, வித்தியாசத்தை நேரவாரியாகப் பிரித்துக் கழிக்க வேண்டும். ஜிபிஎஸ் உயரத்தை வைத்துப் பாரோமீட்டரைக் கருவி தானாகவே சரிசெய்யும் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். பள்ளத்தாக்கில் அது கோளாறான ஜிபிஎஸ் உயரத்துக்கே பாரோமீட்டரையும் இழுத்துவிடும். காரையாறு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பதெல்லாம் அணையின் நீர்மட்டக் கணக்கு, கடல்மட்ட உயரம் இல்லை. அதை வைத்துச் சரிசெய்தால் எல்லாமே போச்சு.

மழையில் அழுத்தத் துளையில் தண்ணீர் நின்றால் உயரம் அசையாமல் நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவும். உதறினால் போதும், ஊசியால் குத்தாதீர்கள்.

இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் (SRTM) என்ற உயரத் தரவின் சமஉயரக் கோடுகள் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் எடுத்த ரேடார் அளவு. அந்த அலை அடர்காட்டில் தரைவரை இறங்காது. மாஞ்சோலையில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பில், தரையில் இல்லாத மேடு ஒன்று வரைபடத்தில் எழும்பி நிற்கும். அந்த விளிம்புகளில் பாரோமீட்டர் அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜிபிஎஸ்ஸுடையது அல்லாத, எவரெஸ்ட் என்ற வேறு நீள்கோளத்தை வைத்து வரைந்த பழைய வரைபடத் தாள்களில் ஜிபிஎஸ் தடத்தை அப்படியே ஏற்றினால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். ஓடைகள் கூடும் இடங்களை நாலைந்து எடுத்துப் பொருத்திய பிறகே மற்றதைக் குறியுங்கள்.